பிழைத்த செல்கள்

எங்கள் லேபில் "செல்" என்றால் ஒரே செல்தான். ஈரல் செல். குப்பியின் மேல் எழுதியிருக்கும் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. எட்டு வருடமாக நானும் சொன்னதில்லை.

வேலை சுலபம். செல்கள் மேல் பெராக்சைடை விட்டால் அவை சாகும். முன்னதாக இலைச் சாறு கொடுத்திருந்தால் பாதிக்கு மேல் பிழைக்கும். முருங்கை இலைதான் எனக்கு ராசி. அதிலுள்ள சத்து செல்லைத் துருப்பிடிக்காமல் காக்கிறது என்று மேடையேறிப் பேசியிருக்கிறேன்.

2006-இல் என் கணவர் தியாகுவுக்குக் குடலில் புற்று என்றார்கள். ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் பிராஜெக்ட் மேனேஜர், நாற்பத்தொரு வயது. கீமோதெரபி ஆரம்பித்த அன்றே போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கி வந்தேன். பொரியலுக்கு இல்லை. லேப் முறையில் வடித்து, சுண்டக் காய்ச்சி, தினமும் கருப்பாக ஒரு டம்ளர். ஊருக்கு உபதேசம் செய்கிறவள் வீட்டில் சும்மா இருப்பேனா? அவர் குமட்டிக்கொண்டு குடிப்பார். மீதி வைத்தால் நான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். அதற்குப் பயந்தே குடித்தார்.

"வேறு மருந்து ஏதாவது தருகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை டாக்டர். கீரை மட்டும்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை. மதுரைக்காரிக்குக் கீரை என்றால் சோற்றோடு சேர்ந்தது. அதை யார் மருந்து என்பார்கள்? அவரும் தலையாட்டிவிட்டார்.

மூன்றாவது ஸ்கேனிலும் கட்டி குறையவில்லை. டாக்டருக்குப் புரியவில்லை. நான் டம்ளரைப் பெரிதாக்கினேன்.

அந்த வாரம் லேபில் புதுச் சோதனை. பெராக்சைடுக்குப் பதில் கீமோ மருந்து. தியாகுவின் கையில் ஏறுவதும் அதே மருந்துதான். சாறு கொடுக்காத தட்டில் செல்கள் செத்து மிதந்தன. சாறு கொடுத்த தட்டில் நெருக்கமாக, தெம்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

"பாத்தியா ரஷ்மி, நம்ம முருங்கை காப்பாத்திடுச்சு."

ரஷ்மி என் உதவியாளர். சிக்கந்தராபாத்திலேயே வளர்ந்த பெண், 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்பாள். மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஹவ் மேடம். ஆனா இது கேன்சர் செல்தானே? இதை எதுக்குக் காப்பாத்தணும்?"

குப்பியை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்துதான். ஈரல் புற்று செல். நல்ல செல் தட்டில் நெடுநாள் வாழாது. நாங்கள் வருடக்கணக்காக வளர்ப்பது யாரோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததை. முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். பெயரைச் சுருக்கிச் சுருக்கி அதையே மறந்திருக்கிறேன், பாவி.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தட்டு வேறு, உடம்பு வேறு. சாற்றால்தான் கட்டி குறையவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நிறுத்திவிடுங்கள்."

அந்த 'ஆனால்' மாரெட்பள்ளி வீடு வரை கூடவே வந்தது.

காலையில் நான் காய்ச்சி வைத்துவிட்டுப் போன டம்ளரை தியாகு கவிழ்த்துக் காட்டினார். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டு மீதி வைக்கல சுபா. இன்னிக்காவது சிரி."

"நாளைலேர்ந்து இது வேண்டாங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஆறு மாதமாக நான் பார்க்காத தெளிவு அந்தக் கண்ணில் வந்தது.

"ஏன்? லேப்ல ஏதாவது தெரிஞ்சுதா? எனக்குக் குணமாயிடுச்சா?"

"ஆமா" என்றேன்.