ஷூச்சா சொல்ல வந்தது

அடித்தது ஒரே ஒரு அடிதான். மரக்கரண்டியால், மூக்கில். அதை ஒரு வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஷூச்சா என் கணவன் ஓக்னியெனின் நாய். பத்தொன்பது வருடச் சர்க்கரை நோயில், சர்க்கரை இறங்கினால் அவனுக்கே தெரியாமல் போய்விட்டது. பேசிக்கொண்டே இருப்பான், விழுவான். ஷூச்சாவுக்கு வாடையிலேயே தெரிந்துவிடும். முதலில் அவன் முழங்காலில் காலை வைக்கும். அவன் கவனிக்காவிட்டால் என்னைத் தேடி வந்து இழுக்கும். பழக்கிக் கொடுத்தவள் யாகொதா. அவளிடம் பெயர் எழுதிவைத்து இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய நாய் அது.

எங்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதர் நிகோலாவின் நாளன்று, நோவி சாத் நகரத்தில் எங்கள் வீட்டில் இடம் கொள்ளாத விருந்தாளிகள். மாமியார் ரதோய்கா காலையிலிருந்தே நாயை முறைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி மெழுகுவத்திக்கு முன்னாடி நாய் வாலாட்டிக்கிட்டு நிக்கணுமா? பாதிரியார வர வேணாம்னு சொல்லிடு. இதுவே ரொட்டிய வெட்டட்டும்."

"அம்மா, அது நாயில்ல, என் டாக்டரு," என்றான் ஓக்னியென்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மட்டும் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

பாதிரியார் ஒரு மணிக்கு வருவதாகப் பேச்சு. வந்ததும் சாப்பாடுதான் என்ற கணக்கில் ஓக்னியென் முன்கூட்டியே இன்சுலின் போட்டுக்கொண்டான். இரண்டு ஆகியும் அவர் வரவில்லை. அவர் வந்து பாடி, சாமி ரொட்டியை வெட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் விருந்து மீனில் கை வைக்க மாட்டார்கள். நீ மட்டும் ஏதாவது வாயில் போட்டுக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

அழைப்பு மணி அடித்தபோது நான் சமையலறையில் தனியாக இருந்தேன். சாமிக்கு வைக்கும் இனிப்புக் கோதுமைத் தட்டைத் தூக்கினேன். ஷூச்சா ஓடிவந்து என் ஏப்ரனைக் கவ்வி இழுத்தது. தட்டு சரிந்து பாதிக் கோதுமை தரையில். தலைக்கேறிய கோபத்தில் கரண்டியை எடுத்து ஓங்கி ஒன்று போட்டேன். அது கத்தவில்லை. கண்ணை மூடித் திறந்தது. மறுபடியும் ஏப்ரனைப் பிடித்தது. கழுத்துப்பட்டையோடு இழுத்துப்போய்ப் பால்கனிப் பனியில் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

பாதிரியார் பாடி முடிப்பதற்குள் ஓக்னியென் மேசை விளிம்பில் நெற்றி மோத விழுந்தான். எல்லோரும் அலறிக்கொண்டு அவனிடம் ஓடினார்கள். நான் முதலில் ஓடியது பால்கனிக்கு. யாரும் பார்ப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஆஸ்பத்திரியில், ஏழு தையலோடு, அவன் கேட்ட முதல் கேள்வி, "ஷூச்சா சொல்லலியா?"

"மேசைக்கடியில தூங்கிக்கிட்டிருந்துச்சு," என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அதற்குப் பிறகு ஷூச்சா உண்மையிலேயே சொல்லாமல் விட்டது. அந்த வாரத்தில் மூன்று முறை சர்க்கரை இறங்கியதை மீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு முறையும் நாய் எழும், என்னைப் பார்க்கும், திரும்பப் படுத்துக்கொள்ளும். படுத்ததை ஓக்னியென் பார்த்தான். என்னைப் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அடிபட்டவனைக் காக்கிறேன் என்று நானோ ஒரு நிமிடம்கூட அவனை விட்டு நகரவில்லை.

ஓக்னியென் கூப்பிட, நாயைச் சோதித்துப் பார்க்க யாகொதா வந்தாள். சர்க்கரை இறங்கியிருந்தபோது எடுத்து உறையவைத்திருந்த ஓக்னியெனின் வேர்வைப் பஞ்சை அவன் சட்டைப்பையில் வைத்தாள். ஷூச்சா எழுந்தது. மூக்கு துடித்தது. என்னைப் பார்த்தது. படுத்துக்கொண்டது.

"என்ன ஆச்சு ஒனக்கு, என் ராசா?" என்றவள் நோட்டை மூடினாள். "கூட்டிட்டுப் போறேன், ஓக்னியென். இத நம்பி நீங்க கண்ண மூட முடியாது."

ஓக்னியென் நாயின் காதைத் தடவினான். "அதத் திட்டாதீங்க. நாலு வருஷமா என்னையே மோந்துக்கிட்டுக் கெடக்கு. அலுத்துப் போயிருக்கும், பாவம்."

அந்தப் பாவத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் அடிச்சேன்," என்றேன். கரண்டி, கோதுமை, பால்கனி, தூங்கியது என்ற பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். ஓக்னியென் நெற்றித் தையலைத் தொட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

யாகொதா திட்டவில்லை. "ஸோர்கா, கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க. கதவச் சாத்திக்குங்க."

மாடிப்படியில் நின்றேன். யார் வீட்டிலோ முட்டைக்கோஸ் வேகும் வாடை. உள்ளே நகங்கள் தரையில் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் யாகொதாவின் குரல். "சபாஷ்டா கண்ணு!"

வெகுநேரம் கழித்து ஓக்னியென் கதவைத் திறந்தான். பக்கத்தில் ஷூச்சா.

"நீ வெளிய போனதுமே என் முழங்கால்ல கால வெச்சிடுச்சு. வாரம் பூரா அது என்கிட்ட சொல்லத்தான் எந்திரிச்சிருக்கு," என்றான். "நீதான் சொல்லல."

ஷூச்சா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. ஒன்றுமில்லை என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அது ஓக்னியெனின் காலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டது.