முகத்தின் குறுக்கே என் பெயர்

பல் ஆஸ்பத்திரி வாசலில் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று தம்பி போன் செய்தபோது, இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா போய் இரண்டு மாதமாகிறது. போனை வைத்த கையோடு படம் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரி போர்டில் ஆளுயரத்துக்கு அப்பா முகம். நான் எடுத்த படம்.

நான் போட்டோகிராபர். கூட்டாளிகள் எனக்கு வைத்த பெயர் 'முத்திரை'. எந்தப் படத்தை இணையத்தில் போட்டாலும் அதன் மேல் என் பெயரை எழுதாமல் விடமாட்டேன். ஓரத்தில் எழுதினால் திருடுகிறவன் வெட்டிவிடுவானே, அதனால் முகத்தின் குறுக்கேதான் எழுதுவேன். அப்பாவையும் விடவில்லை. கன்னத்தில் தொடங்கிச் சட்டைப் பை வரை என் பெயர்.

அத்தோடு நின்றிருக்கலாம். பெயரை எழுதி, படத்தைச் சிறிதாக்கி, பழக்க தோஷத்தில் அசலின் மேலேயே சேமித்துத் தொலைத்தேன். கேமரா அட்டையையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. அடுத்தவன் திருடாமல் காக்கப் போய் நானே பறிகொடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு வேண்டியதோ அந்த ஒரே படம். முன்பல் பாதி உடைந்த நாளிலிருந்து அப்பா கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். படம் எடுத்த அன்று தம்பி அடித்த கிண்டலில் கை எழ மறந்துவிட்டது. அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டச் சொல்லி அம்மா கேட்கும்போதெல்லாம், பிரேம் கடையில் கூட்டம், கண்ணாடி வரவில்லை என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

போர்டின் முன் போய் நின்றபோது பற்றிக்கொண்டு வந்தது. என் பெயரைத் துடைத்து எடுத்திருந்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கூடவே சந்தோஷமும் வந்தது. பெயர் இல்லாத அப்பா.

மேனேஜர் பதறவே இல்லை. விளம்பரக் கம்பெனி கொடுத்ததாம், இவருக்கு ஒன்றும் தெரியாதாம். உங்கள் படம்தான் என்றால் ஒரிஜினலைக் காட்டுங்கள், கழற்றிவிடுகிறோம் என்றார். நான் போனில் பெயர் போட்ட சின்னப் படத்தையே நீட்டியதும், ஒரிஜினல் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்து போடுங்க மேடம். கம்பெனிக்காரங்க பேரை எடுத்துப் பெருசாக்கின பைலை அப்படியே தந்துடறோம்."

பேனாவை எடுத்துவிட்டேன். மறைப்பானேன், எடுத்தேன். தொழில் புத்தி, முதலில் பைலைக் காட்டச் சொன்னேன். திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். வாசலில் ஆத்திரத்தில் கவனிக்காதது இப்போது தெரிந்தது. முத்து முத்தாக, ஒன்றுகூடக் குறையாத பல் வரிசை.

"இந்தப் பல்லு?"

"டிசைனர் சரி பண்ணிட்டாரு. பல் ஆஸ்பத்திரி வாசல்ல உடைஞ்ச பல்லை எப்படிங்க மாட்டுறது?"

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். போனில் இரண்டு படங்களையும் காட்டினேன். போர்டைப் பார்த்து, யாரோ மாதிரி இருக்கிறார் என்றாள். என் பெயர் விழுந்த படத்தில் அந்த அரைப்பல்லின் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இதையே மாட்டு."

"மூஞ்சி மேல என் பேரு இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். பெத்த பொண்ணு பேருதானே. நாளைக்கு நானும் வரேன். ஒரிஜினலைக் கேட்டாராமே, சோடா மூடியைக் கடிச்சு இவரு பல்லை உடைச்சப்ப பக்கத்துல நின்னவ நான்."

மறுநாள் பிரேம் போட்ட படத்தை மேனேஜர் மேஜையில் வைத்து அதையேதான் சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் போர்டு இறங்கிவிட்டது.

ஜெயித்தாயிற்று என்று தம்பி குதிக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் எதிர்ச்சுவரில் அப்பா வாய் திறந்து சிரிக்கிறார். கன்னத்தில் என் பெயர். அம்மா தினமும் காலையில் கண்ணாடியைத் துடைக்கிறாள், அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தி.