நாலாவது குடுவை

அண்ணனின் உடலைச் சுமந்த சந்தூக்கு தெருமுனையில் திரும்பி மறைந்ததும் ராவியா பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து, செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள். எங்கே போகிறாள் என்று யாரோ கேட்டார்கள். அண்ணி ஸுஹைர் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணன் ஷுக்ரி அன்று விடிகாலைத் தொழுகை முடித்த பாயிலேயே சரிந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது. செங்கடல் கரையில், தஹாபில் ஒரு முக்குளிப்புக் கடையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. ஆழத்துக்கு இறங்குகிறவர்கள் சுமக்கும் கருவி, விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும். சுத்தம் செய்வது ஒரு குடுவை நிறைய வெள்ளைச் சுண்ணாம்புக் குருணை. அதைச் சந்து விழாமல் அடைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை.

காலையில் இரண்டு பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது. ஒன்று, கடை முதலாளி ஹில்மி சொன்னது. ஷுக்ரி நேற்று மாலை நாலு குடுவை அடைத்து வைத்திருக்கிறார். நாளை நூறு மீட்டர் இறங்கப்போகும் நாலு பேரும் அவர் கைபட்டதையே எடுத்துப்போக வேண்டும் என்கிறார்கள், அவருக்கு அதுதான் மரியாதையாம். மற்றது அண்ணி அழுகைக்கு நடுவே சொன்னது. ராத்திரி தேநீர்க் கிளாஸை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாராம். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, குளிர் என்றாராம்.

இடது கையால்தான் ஷுக்ரி குடுவையைத் தட்டுவார்.

ஆரம்பத்தில் இருவருக்குமே ஒன்றும் தெரியாது. யாரோ விட்டுப்போன ஜெர்மன் கையேட்டின் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். அவள் கொட்டுவாள், அவர் தட்டுவார். கொஞ்சம் கொட்டு, நிறுத்து, சுற்றிலும் தட்டு. சத்தம் கெட்டிப்படும்வரை காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். "கரியமிலவாயு நம்ம சூயஸ் மாமா மாதிரி. ஒரு சந்து கிடைச்சா போதும், உள்ள வந்து உட்கார்ந்துக்கும்" என்பார். வாய்மூடிக்குள் அவளுக்குச் சிரிப்பு முட்டும். வீட்டில் சர்க்கரை டப்பாவையும் அப்படித்தான் தட்டி நிரப்புவார். கரண்டி இறங்க மாட்டேன் என்கிறது என்று அண்ணி திட்டுவாள்.

கடையில் யாரும் இல்லை. நாலு குடுவைகளிலும் ஒட்டிய நாடாவில் தேதி, நேரம், ஷுக்ரி என்ற பெயர். எழுத்து ஒரே சீராக இருந்தது.

முதல் மூடியைக் கழற்றி மேல் தட்டை அழுத்தினாள். அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் விரலை வைத்தபோது, இத்தனை சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

நாலாவதில் தட்டு சாய்ந்திருந்தது. ஓரமாகக் குருணை ஒரு விரல் இறங்கியிருந்தது. ஆழத்தில் மூச்சு அந்த ஓரமாகவே அழுக்கோடு ஓடியிருக்கும். முதலில் தலைவலி, அப்புறம் மூச்சுமுட்டல், அப்புறம் நினைவே இருக்காது.

மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவில்தான் வலி வந்திருக்கிறது. மூடிவிட்டுப் பெயரெழுதி ஒட்டியிருக்கிறார். வீட்டுக்கு நடந்து போய்த் தேநீர் குடித்திருக்கிறார்.

 ராவியா நாலையும் கழிவுத் தொட்டியில் கொட்டினாள். புது மூட்டை பிரித்துக் கொட்டுவதையும் தட்டுவதையும் தானே செய்து அடைத்தாள். கடைசி நாடாவில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது ஹில்மி வந்தார். கால்சட்டையில், அடக்கம் முடிந்து வந்த கபர்ஸ்தான் மண். தொட்டியைப் பார்த்தார்.

"அவன் அடைச்சதையெல்லாம் கொட்டிட்டியா?"

"ஆமா."

"ஏதாவது சரியில்லையா ராவியா?"

"அண்ணன் அடைச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? ஆனா அடைச்சவங்க கரையில இருக்கணும். இறங்குறவங்க கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்."

ஹில்மி அவள் முகத்தையே பார்த்தார். இன்னொரு கேள்வி இருந்தது போலிருந்தது. சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிழிந்து கிடந்த பழைய நாடாக்களைக் குனிந்து பொறுக்கினார்.

அவள் திரும்பியபோது வீட்டில் குர்ஆன் ஓதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸுஹைர் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்தாள். ராவியாவின் கறுப்புச் சட்டைக் கை முழுக்க வெள்ளைத் தூள். ஷுக்ரியின் சட்டையைத் தட்டிவிட்ட பழக்கத்தில் அண்ணி அதைத் தட்டிவிடத் தொடங்கினாள். இரண்டு தட்டு தட்டியவள், கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.