கோமதியம்மாள் பாடிய ஐந்து கேசட்

கனகலட்சுமியிடம் கோமதியம்மாள் பாடிய கேசட் ஐந்து இருந்தது. ஐந்தில் முதல் இரண்டுதான் அவளுக்குப் பிடிக்கும். மற்ற மூன்றையும் திட்டிக்கொண்டே கேட்பாள்.

இருபத்திரண்டு வயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பி வந்து, ஒரகடத்தில் கார் சீட் கவர் தைக்கிற கம்பெனியில் சேர்ந்தவள். அது ஆயிற்று ஐந்து வருஷம். மண்ணூரில் சின்னப்பொண்ணு வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருந்தாள். மாமனார் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு சின்னப்பொண்ணும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தவள். இரண்டு பேருக்கும் ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து மிஷின்.

காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் கனகலட்சுமி வாக்மேனைக் காதில் மாட்டிக்கொள்வாள். ஷிப்டு முடிந்து திரும்பும்போதும் அதேதான். எட்டு மணி நேரம் குனிந்து தைத்த தோளும், பெடலை மிதித்து மரத்துப்போன வலது காலும் பஸ் ஆடுகிற ஆட்டத்தில் தனித்தனியாக வலிக்கும். ஓ.டி. பார்த்த நாளில் பாட்டு காதில் விழும், மனசுக்குள் போகாது. ஆனாலும் மாட்டிக்கொள்வாள்.

முதல் கேசட்டின் பேர் ‘சோளக்காட்டுக் காவல்’. தொண்ணூற்றெட்டில் வந்தது. ஓர் உறுமி, ஓர் ஆர்மோனியம், கோமதியம்மாள். வேறு ஒன்றும் கிடையாது. அதில் பதினொன்றாவது பாட்டு, புருஷனைப் பறிகொடுத்தவள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே பாடுகிறது. மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடையும். உடைந்து, ஒரு நொடி வெறும் காற்றாகப் போய், மறுபடி சேர்ந்துகொள்ளும். கனகலட்சுமியின் அப்பா இறந்த வருஷம் அது. வீட்டில் எல்லாரும் அழுதபோது வராத அழுகை, ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு கேசட் கடை வாசலில் அந்தப் பாட்டைக் கேட்டபோது வந்தது. கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

இரண்டாவது ‘ஈரச்சேலை’. தபேலாவும் புல்லாங்குழலும் சேர்ந்திருந்தன. குரல் ஐந்து பாட்டில் உடைந்தது. கொஞ்சம் ஜாஸ்திதான், இருந்தாலும் அவளுக்குப் பிடித்தது.

மூன்றாவதில்தான் சண்டை ஆரம்பித்தது. ‘மச்சான் வாங்கின மிக்சி’. கீபோர்டும் டிரம்மும் காதைக் கிழித்தன. அட்டையில் கோமதியம்மாள் வெறும் கோமதி ஆகி, கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்தார். அந்த வருஷம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஷேர் ஆட்டோவெல்லாம் மிக்சி பாட்டுத்தான். சின்னப்பொண்ணுக்கு அது ரொம்ப இஷ்டம்.

“இதுக்கு இன்னாடி கொறச்சல்? கேக்க சொல்லோ கையி தன்னால ஓடுது,” என்பாள்.

“கொரலு எங்கக்கா இருக்கு அதுல? பூரா கொட்டுச் சத்தம்லா,” என்பாள் கனகலட்சுமி.

நான்காவது அம்மன் பாட்டு. எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில், இஸ்திரி போட்டது போல. ஐந்தாவதில் பழைய பாட்டுகளையே திரும்பப் பாடியிருந்தார். கிணற்றடிப் பாட்டும் இருந்தது, கீழே இறக்கிய சுருதியில். உடைகிற இடம் வந்தது, போனது, குரல் உடையவில்லை. கனகலட்சுமி திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். யாரோ வேண்டுமென்றே தன்னிடமிருந்து எதையோ எடுத்து ஒளித்துவைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வாரம் வாக்மேனைத் தொடவில்லை.

இரண்டாயிரத்தைந்தில் கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். பாட வருவது மிக்சி பாட்டு கோமதி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பர்சனல் ஆபீசர் ரகுபதி லைனுக்கே வந்து, “கனகா, பாடுற அம்மா உங்க ஊருப் பக்கமாம். சனிக்கிழமை ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல உக்கார வைக்கப்போறோம். டிபன், வெந்நீர் எல்லாம் நீதான் பாத்துக்கணும்,” என்றார். அன்று முழுக்க கனகலட்சுமிக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனபோது கோமதியம்மாள் நோயாளிக் கட்டிலில் படுத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பட்டுச்சேலை கசங்காமல் இருக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். அட்டையில் இருந்த சிரிப்பு இல்லை. முந்தின நாள் எங்கோ பாடிவிட்டு ராத்திரி முழுக்க வேனில் வந்தவர்.

“எந்தூரு பிள்ள நீ?” என்று கேட்டார். பேசுகிற குரல் கட்டையாக இருந்தது.

“அம்பாசமுத்திரம்க்கா.”

“நமக்குச் சங்கரன்கோயிலு. உக்காரு. நீயும் நின்னுகிட்டே கெடக்கவதான?”

இட்லியில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். கனகலட்சுமி வெந்நீரை ஆற்றிக் கொடுத்தாள். பேசவே கூடாது என்று நினைத்துத்தான் வந்தாள். ஆனால் இனி எப்போது பார்க்கப்போகிறோம் என்று வாய் திறந்துவிட்டது.

“அக்கா, ஒண்ணு கேட்டா வருத்தப்பட மாட்டியளே?”

“கேளு.”

“மொதக் கேசட்டுல கிணத்தடிப் பாட்டு. மேல போற எடத்துல கொரலு ஒடையும்லா? அதையே இப்பம் திருப்பிப் பாடியிருக்கிய. ஒடையவே இல்ல. ஏங்க்கா அத எடுத்திட்டிய?”

கோமதியம்மாள் சத்தம் வராமல் சிரித்தார். “நான் வச்சாத்தான எடுக்கதுக்கு.”

கனகலட்சுமிக்குப் புரியவில்லை.

“மதுரையில ஒரு ஸ்டூடியோ. ஒரே ஒரு நாளைக்குத்தான் பிடிச்சிருந்தாவ. பதினாலு பாட்டு. காலைல எட்டு மணிக்கு மைக் முன்னால நின்னவ. பதினொண்ணாவதுக்கு வரும்போது சாயங்காலம் ஆயிப்போச்சு, தொண்டை கட்டிக்கிட்டு. இன்னொரு தடவ பாடிக்கிடுதேன்னு கெஞ்சுனேன். நேரம் இல்லம்மா, மீதி மூணு இருக்குன்னுட்டாரு ஸ்டூடியோக்காரரு. பெறவு பாத்தா, சனம் அதத்தான் தூக்கிவச்சுப் பேசுது. எனக்கானா அந்த எடம் வந்தாலே கூச்சமா இருக்கும்.”

“அப்பம் ரெண்டாவது கேசட்டுல?”

“அது வேணும்னே ஒடச்சது. எங்க போனாலும் அதக் கேட்டாவ. மேடைக்கு மேடை ஒடச்சேன், மூணு வருசம். தொண்டைக்குள்ள காய்ச்சுப் போச்சு. இனி மேல ஏறுனா பேச்சே போயிரும்னாரு டாக்டரு. பெறவு என்ன செய்ய? கொட்ட நெறைய வச்சுக்கிட்டேன். அந்தச் சத்தத்துல கொரலு தெரியாதுல்லா.” துண்டைக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். “ஏழு வருசமா யாரும் இப்படிக் கேக்கல. நீ கேட்டுட்ட. நல்லா காதக் குடுத்துக் கேட்டிருக்க.”

அதற்குள் ரகுபதி வந்து கதவைத் தட்டினார்.

கச்சேரி கேன்டீனுக்குப் பக்கத்துத் திடலில் நடந்தது. விசில் பறந்தது. மிக்சி பாட்டை இரண்டு தரம் பாடச் சொன்னார்கள், பாடினார். சின்னப்பொண்ணு நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினாள். கனகலட்சுமி பாட்டைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கோமதியம்மாள் திரும்பி நின்று வெந்நீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைனில் தைத்து அடுக்கிய கவர்களில் எது ஷிப்டின் கடைசி மணியில் தைத்தது என்று அவளால் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியும். தையல் லேசாக அலையும், வளைவில் ஒரு நூல் தள்ளி ஓடும். இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறவர்கள்கூட அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். துணியில் தெரிந்தது பாட்டில் தெரியாமல் போயிற்றே என்றுதான் அவளுக்கு ஆறவில்லை. ஏழு வருஷமாக ஒருத்தியின் அசதியைக் கேட்டு அழுதிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் உடையேன் என்று வேறு மனசுக்குள் கேட்டிருக்கிறாள்.

“இன்னா, வந்ததுலேருந்து ஒரு மாதிரியாவே கீறே?” என்று அன்று மாடிப்படியில் சின்னப்பொண்ணு கேட்டாள். கனகலட்சுமி நடந்ததைச் சொன்னாள்.

“சரி, அதுக்கு நீ இன்னா பண்ணுவே? ஒனக்கு அப்ப அழுவணும் போல இருந்துது, அழுதே. அந்தம்மாவுக்கு வேல, பாடிச்சு. போய்த் தூங்கு. நாளைக்காவது லீவு வுட்டாங்களே.”

அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அதன் பிறகு ‘சோளக்காட்டுக் காவ’லை அவளால் கேட்க முடியவில்லை. மிக்சி பாட்டு எங்காவது ஓடினால் திட்டவும் முடியவில்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். மழைக்காலம் போனது, லைனில் புது மாடல் வந்தது, டார்கெட்டைக் கூட்டினார்கள். பேட்டரி தீர்ந்த வாக்மேன் டிரங்குப் பெட்டிக்கு மேலேயே கிடந்தது.

மறு வருஷம் தை முடிந்து ஊரிலிருந்து திரும்பினாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது விழுப்புரத்துக்கு அப்புறம்தான். செங்கல்பட்டில் மாறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியபோது காலை ஏழரை. மத்தியான ஷிப்டுக்குப் போயாக வேண்டும். ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்தாள்.

டிரைவர் ஏதோ பாட்டுப் போட்டிருந்தார். ஒரு பெண் குரல், நல்ல கட்டை. மேலே எங்கும் போகவே இல்லை. தரையோடு தரையாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நடந்தது. பின்னால் ஆர்மோனியம் மட்டும் தூரத்தில் கேட்டது. யாரோ புதிதாகப் பாட வந்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தாள். ‘ழ’ வருகிற இடத்தில், அந்த ஐந்து கேசட்டிலும் கேட்ட மாதிரியே, லேசாக நாக்கு இழுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, இது யாரு பாடினது?”

“மிக்சி பாட்டு பாடிச்சே, அந்தம்மாதான். புது சிடி. ஸ்லோவா கீது, மாத்திரவா?”

“வேண்டாம்ண்ணே, இருக்கட்டும்.”

வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரகடம் ரோட்டில் ஏறியது. பக்கத்தில் நைட் ஷிப்டு முடித்து வந்த ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கனகலட்சுமிக்கும் கண் எரிந்தது, ஆனால் மூடவில்லை. இந்தக் குரல் தனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அழுகை வரவில்லை. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது வந்தது. அதில் சரணத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஆர்மோனியம் கொஞ்சம் அவசரப்படுகிறது என்று பட்டது. அங்கே அந்தம்மாவுக்கு மூச்சு எடுக்க இன்னும் ஒரு தட்டு விட்டிருக்கலாம். அடுத்த தடவை எங்காவது பார்த்தால் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.