மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும்

டீசல் வண்டிக்காரன் ஷெட்டுக்குள் நுழையும்போதே மெக்கானிக் அவன் செருப்பைப் பார்த்துவிடுவான். அதைப் பார்த்துத்தான் ரேட் சொல்லுவான். அதனால் அன்று ஓசூர் ரோட்டில் இருக்கும் அத்திபெலேக்குக் கிளம்பும்போது பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். சட்டை மட்டும் வெள்ளை. அதை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை.

எங்களுடையது பழைய மெட்டடோர் வேன். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸாக ஓடி ஓய்ந்ததை ஏலத்தில் எடுத்தேன். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் இரண்டு பலகைக் கட்டில், ஓரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டிரம், ஜன்னலுக்கு என் மனைவி ரோஸி தைத்த திரை. ரோஸி போய்விட்டாள். திரை இருக்கிறது. வேளாங்கண்ணித் திருவிழா சமயத்தில் லாட்ஜ் கிடைக்காது. கிடைத்தாலும் யார் யாரோ படுத்த பாயில் எங்கள் வீட்டுப் பெண்கள் படுக்க வேண்டியதில்லை. வண்டியிலேயே சமைப்போம், வண்டியிலேயே தூங்குவோம்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் போகாமல் இருக்கவே முடியாது. என் மகள் கிரேஸுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஆண் பிள்ளை பிறந்திருந்தது. பிறந்தால் மாதாவுக்குத் தங்கத் தொட்டில் என்று நேர்ந்துகொண்டவன் நான். கட்டைவிரல் நகம் அளவு தொட்டில். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ரசீது போட்டு வாங்கினேன்.

தங்கவயல் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவன் கடையில் போய்த் தங்கம் வாங்கினான் என்றால், எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் வாசலில் கையைத் தூக்கி நிற்க வேண்டும். வாட்ச்மேன் உடம்பெல்லாம் தடவி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "போலாம்" என்பான். என் அப்பா அப்படி நின்றார், நானும் நின்றேன். ஒரு பொட்டுத் தூசிகூட அகப்பட்டதில்லை. சிலர் அதை அவமானம் என்பார்கள். ஒன்றும் எடுக்காதவன் கையைத் தூக்க ஏன் கூச வேண்டும் என்பேன் நான்.

புறப்படுவதற்கு முன் வண்டிக்குச் சர்வீஸ் செய்தாக வேண்டும். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகைக்கு நாங்கள் பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். விவேக் நகரில் எங்கள் தெரு முனையில் இருந்தவனோ போன வருஷம் பழைய ஃபில்டரைத் துடைத்து அதையே மாட்டிப் புதுசு என்று சொன்னவன். மாப்பிள்ளை குணசேகருக்குப் பொம்மசந்திராவில் வேலை. அவர்தான், "அத்திபெலேல சண்முகம்னு ஒருத்தர் இருக்காரு மாமா. எங்க கம்பெனி வேனெல்லாம் அவர்கிட்டதான். பாதி ரேட்டு" என்றார்.

பாதி ரேட்டுக்குச் செய்கிறவன் மீதிப் பாதியை வேறு எங்கோ எடுக்கிறான் என்பது என் கணக்கு. மாப்பிள்ளை இவ்வளவு ஆர்வமாகச் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

காலையில் கிரேஸின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து ஒரு பொட்டு வைத்தேன். பழசு என்று அவன் என் கையில் கொடுப்பதில் என் பொட்டு இருக்க வேண்டும். பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தங்கத் தொட்டிலை வீட்டில் வைக்க மனம் வரவில்லை. மாடியில் புதுக் குடித்தனம். ஆகவே துணியில் சுற்றி, வேனில் ஏற்றியிருந்த அரிசி டின்னுக்குள் ஆழமாகச் செருகினேன். திரும்பினால் பின்னால் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"அங்கியா மாமா வச்சிருக்கீங்க?"

"எங்க வச்சா இன்னா? நீங்க போய் டிபன் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

சண்முகத்தின் ஷெட் செக்போஸ்டுக்கு முன்னால், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்த மண். அவனைத் தவிர இரண்டு பேர்தான். நாகேஷ் என்று வாயாடி இளைஞன் ஒருவன், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். மூலையில் வெல்டிங் வைக்கும் கோவிந்தப்பா, என் வயதுக்காரர். வண்டியை ஓட்டி வந்த மாப்பிள்ளை இறங்கி ஓரமாக நின்றார். நான் மடக்கு ஸ்டூலை விரித்து இன்ஜினுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னா பெரியவரே, பாடம் எடுக்க வந்தீங்களா?" என்றான் சண்முகம்.

"பார்க்க வந்தேன்."

"பாருங்க. டிக்கெட் இல்ல."

ஆயில் டப்பாவை நானே வாங்கி வந்திருந்தேன். மூடியைத் திறக்கும்போது எழுந்து போய்ப் பார்த்தேன். நாகேஷ் சிரித்தான். "ஏன் குரு, உள்ள தண்ணியா இருக்கப் போவுது?" பழைய ஆயில் வடிந்தது. ஆயில் ஃபில்டர் கழன்றது, புதுசு ஏறியது. கழற்றியதில் என் பொட்டு இருந்தது. அதனால் மட்டும் நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். முதல் ஃபில்டரைச் சரியாக மாற்றி நம்பவைத்துவிட்டு அடுத்ததில் கை வைப்பார்கள்.

ஒரே ஒரு முறை ஸ்டூலை விட்டு நகர்ந்தேன். எதிரே பெட்ரோல் பங்க் பாத்ரூமுக்கு. திரும்பி வந்தபோது வேனின் பின்புறம் ஜாக்கியில் நின்றது. டிரம்மும் அடுப்பும் அரிசி டின்னும் மண்ணில் இறங்கியிருந்தன.

"யார் எறக்கச் சொன்னது?"

"பின் பிரேக் பாக்கணும் இல்லீங்களா? கனத்த வச்சிக்கினு எப்பிடித் தூக்கறது?"

டின் மூடி சாய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நின்று பீடா மென்றுகொண்டிருந்தார். அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். மண்ணில் துண்டை விரித்து அரிசியைக் கொட்டியே பார்த்தேன். தொட்டில் இல்லை.

நான் கத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் தெருவில் கத்தியதில்லை. "இந்த டின்னுல தங்கம் இருந்தது. இப்ப இல்ல. எல்லாரும் வேலைய நிறுத்துங்க. சோதனை போடணும்" என்றேன்.

ஷெட்டில் சத்தம் நின்றது. சண்முகம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"சர்வீசுக்கு வர்ற வண்டியில தங்கத்த யாருங்க கொண்டாருவாங்க?"

"கொண்டாந்தேன். எடுக்கலேன்னா கையத் தூக்கறதுல இன்னா கஷ்டம்?"

"சரி. தூக்கறோம். ஆனா எல்லாரும். ஒங்க மாப்பிள்ளையும் இங்கதான் நின்னுனு இருந்தாரு."

"அவர் என் வீட்டுப் புள்ள."

"அப்ப நாங்க யாரு வீட்டுப் புள்ளைங்க குரு?" என்றான் நாகேஷ்.

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானில் கை வைத்தார். "மாமா, நானும் நிக்கிறேன். அதுல ஒன்னும் இல்ல."

"நீங்க வண்டியில ஏறுங்க" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அந்நிய ஷெட்டில், லாரிக்காரர்கள் வேடிக்கை பார்க்க, என் மகளின் கணவன் கையைத் தூக்கி நிற்பதா? அப்புறம் அவனிடம் அது இருந்துவிட்டால்?

அவர் ஏறினார். மற்ற மூவரையும் நானே சோதித்தேன். எப்படித் தடவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். காலர், கை மடிப்பு, இடுப்புக் கயிறு. சண்முகம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாகேஷ், "மெதுவா, கூச்சமா கீது" என்று கேலி பேசினான். ஆனால் முகம் சிவந்திருந்தது. கடைசியில் கோவிந்தப்பா. இடுப்பைத் தடவி முடித்ததும், நான் கேட்காமலே அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

சண்முகம் மிச்ச வேலையை முடித்தான். டீசல் ஃபில்டரையும் பெல்ட்டையும் மாற்றி, டீசல் லைனில் இருந்த காற்றை எடுத்து, ஸ்டார்ட் செய்து காட்டினான். கழற்றிய பொருள்களை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தான். பேசிய கூலியை வாங்கிக்கொண்டான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "போய்ட்டு வாங்க" என்று யாரும் சொல்லவில்லை.

ஓசூர் ரோட்டில் வண்டி பூப்போல ஓடியது. நான் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் சிவப்புப் பொட்டு இருந்தது. பொருளில் ஏமாற்றவில்லை. அப்படியானால் தொட்டில்? மாப்பிள்ளையின் பேண்ட் பையில் ஏதோ புடைத்திருந்தது. சாவிக்கொத்தாக இருக்கலாம். அங்கே போகச் சொன்னது அவர். ஒளித்த இடத்தைப் பார்த்ததும் அவர். டின் பக்கத்தில் நின்றதும் அவர்.

"மாமா, என்னையும் சோதிச்சிருக்கலாம்" என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதுக்கு?"

"இப்ப நீங்க பாக்கற பார்வைக்கு அது எவ்வளவோ மேல்."

வீடு வரும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கிரேஸ் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொட்டில் போய்விட்டது என்று நான் சொன்னதும் எண்ணெய்க் கையோடு எழுந்துபோய், பிள்ளையின் பவுடர் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். துணி முடிச்சு விழுந்தது.

"நீங்க வைக்கறத ஜன்னல்ல இருந்து பாத்தேன். நீங்க குளிக்கப் போனப்பவே எடுத்துட்டேன்ப்பா. முன்ன பின்ன தெரியாத ஷெட்டுக்கு யாராவது தங்கத்தக் கொண்டு போவாங்களா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க திரும்பவும் அந்த டின்லயேதான் வைப்பீங்க. அதுவும் இல்லாம, யாரையும் நம்பாதேன்னு சொல்லிச் சொல்லி வளத்ததே நீங்கதான?"

மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். அதே ஓசூர் ரோடு. அத்திபெலே நெருங்கும்போது, "நிறுத்துங்க" என்றேன்.

"இன்னா மாமா, சத்தம் ஏதாச்சும் வருதா?"

"சத்தம் ஒன்னும் இல்ல. ஷெட்டாண்ட நிறுத்துங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் லீவு முடிஞ்சி வேலைக்கு வரும்போது சொல்லிடறேன் மாமா. நீங்க போவணுமா?"

"சோதனை போட்டது நான்" என்று இறங்கினேன்.

ஷெட்டில் அப்போதுதான் ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள். சண்முகம் நிமிர்ந்தான். "திரும்பவும் இன்னா காணோம்?"

"ஒன்னும் காணாமப் போகல. பொருள் எங்க வீட்டுலயேதான் இருந்தது. என் பொண்ணு எடுத்து வச்சிருக்கா" என்றேன். பிறகு அங்கேயே, வாசல் மண்ணில், லாரிக்காரர்கள் பார்க்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ, கைய எறக்குங்க பெரியவரே. வயசானவரு. நாங்க மறந்துட்டோம்" என்றான் சண்முகம்.

"நான் மறக்கல" என்றான் நாகேஷ். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தான். கையைத் துடைக்கவில்லை. காலர், கை மடிப்பு, இடுப்பு என்று நான் செய்த அதே வரிசையில் தடவினான். வெள்ளைச் சட்டையில் அவன் கை போன இடமெல்லாம் கறுப்பு. மேல் பையிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"அண்ணா! பெருசு நெயில் பாலிஷ் வச்சிக்கினு சுத்துது!"

ஷெட்டே சிரித்தது. வழியில் எங்காவது பஞ்சர் ஒட்ட நேர்ந்தால் டியூபில் குறி வைக்கலாம் என்று காலையில் மறக்காமல் எடுத்து வந்திருந்தேன். "நீங்க பழச மாட்டி ஏமாத்துவீங்கன்னு குறி வச்சேன்" என்றேன். கை இன்னும் மேலேதான் இருந்தது.

"அது தெரியும். எல்லா ஃபில்டர்லயும் பொட்டு வச்சிருந்ததே. யாரோ பூஜை போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றான் சண்முகம்.

அப்போது மூலையிலிருந்து கோவிந்தப்பாவின் குரல் வந்தது. அவர் சிரித்திருக்கவில்லை.

"வாயி."

நாகேஷ் திரும்பி அவரைப் பார்த்தான். சண்முகம், "விடு கோவிந்தப்பா" என்றான். நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். கோவிந்தப்பா எழுந்து அருகில் வந்து, அவசரமில்லாமல் பார்த்தார். எங்கள் சுரங்க வாசலில் பார்ப்பது போலவே இடது பக்கம், வலது பக்கம், நாக்குக்கு அடியில்.

"போலாம்" என்றார்.

கையை இறக்கினேன். தோள் வலித்தது. நாகேஷ் பாட்டிலை என் பையில் திரும்பப் போட்டான். நான் வேன் கதவைத் திறக்கும்போது சண்முகம் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"பெரியவரே, திரும்பி வர்றப்ப இப்பிடி வாங்க. பெல்ட் புதுசு, தொய்ஞ்சிருக்கும். டைட் வச்சிக் குடுக்கறேன். அரிசி டின்ன மட்டும் உள்ளயே வச்சிக்கங்க."

வண்டி செக்போஸ்டைத் தாண்டியது. கிரேஸ் பையைத் திறந்து மாற்றுச் சட்டையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அந்தத் துணி முடிச்சை அவளிடம் கேட்டு வாங்கி மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

"இத நீங்க வச்சிக்கங்க. எங்கன்னு எனக்குச் சொல்ல வேணாம்."