காரிலிருந்து இறக்கிய தண்ணீர்

மகள் ஜெனிஃபர் கிறிஸ்துமஸுக்கு மஸ்கட்டிலிருந்து வருகிறாள் என்றதும் குணசேகர் ஒரு பழைய மாருதி கார் வாங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபின் பெங்களூருக்கு வந்து, ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் குடியேறி, ஆடுகோடியில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரே மகள் ஏர்போர்ட் வாசலில் ஆட்டோவுக்கு நிற்கக் கூடாது என்பது அவருடைய ஆசை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. மேடு ஏறும்போது மட்டும் சூடு காட்டும் முள் விறுவிறுவென்று மேலே போனது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரைப் பார்த்தான்.

"கூலன்ட்ட மாத்தியே பல வருஷம் ஆயிருக்கும் போல, அங்கிள். மொத்தமா எறக்கி, நல்ல தண்ணி விட்டு அலசிட்டு புதுசு ஊத்துங்க. சரியாப் பூடும்."

இதற்கு எதற்கு ஒர்க்‌ஷாப் என்று குணசேகர் தானே செய்ய முடிவெடுத்தார். ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் அகலமான பிளாஸ்டிக் பேசினை வைத்தார். ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றியதும், துரு கலந்த பச்சைத் தண்ணீர் கொட்டியது. நாய் டாலி பக்கத்தில் படுத்து வேடிக்கை பார்த்தது. காலேஜ் படிக்கும்போது மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியாக ஜெனிஃபர் தூக்கிவந்த நாய். அவள் வெளிநாடு போனபின் குணசேகரின் காலைச் சுற்றியே கிடந்தது.

"இன்னாங்க! ஜெனி போன்!" மாடியிலிருந்து மனைவி டோரீன் கத்தினாள்.

மகள் போன் கார்டு போட்டுப் பேசுவாள். காசு தீர்ந்ததும் பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகிவிடும். குணசேகர் பேசினை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கூடத் துடைக்காமல் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

கார் என்ன கலர், ஏசி இருக்கிறதா என்று ஜெனிஃபர் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில், "டாலிகிட்ட குடு டாடி" என்றாள். டோரீன் பால்கனியிலிருந்து கூப்பிட, டாலி கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது, நாக்கால் வாயை நக்கிக்கொண்டே. டோரீன் ரிசீவரை அதன் காதில் வைத்தாள். மஸ்கட்டிலிருந்து வந்த குரலைக் கேட்டு வால் தரையில் பட்பட்டென்று அடித்தது. குணசேகர் சிரித்தார்.

கீழே போய் பழைய தண்ணீரை ஒரு கேனில் ஊற்றி மூடிவைத்தார். பேசினில் இருந்தது எவ்வளவு என்று அவர் பார்க்கவில்லை. டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரை விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி இறக்கி, தெளிவாக வரும்வரை அலசினார். புதுக் கூலன்ட்டை ஊற்றி மூடியபோது அவருக்கு அவ்வளவு திருப்தி.

சாயங்காலம் டாலி தள்ளாடியது. "இன்னாடி, குடிச்சிட்டு வந்தவ மாதிரி நடக்கற?" என்று டோரீன் சிரித்தாள். பிறகு இரண்டு முறை வாந்தி எடுத்தது. தெருவில் எதையோ தின்றிருக்கும் என்று நினைத்தார்கள். மறுநாள் காலை எழுந்து பால்கூடக் குடித்தது. அப்பாடா என்றிருந்தது.

அதற்கு அடுத்த நாள் அது எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. டோரீன் அதை மடியில் போட்டுக்கொள்ள, குணசேகர் காரை எடுத்தார். டிராஃபிக்கில் ஊர்ந்து, மேடு ஏறியபோதும் முள் நடுவிலிருந்து அசையவில்லை. கார் அவ்வளவு அருமையாக ஓடியது.

மிருக ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டாலியின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். "ஒண்ணுக்குப் போகுதா?"

"நேத்து ராத்திரியிலேருந்து போகல மேடம்."

"வீட்ல கார் இருக்கா? கார்லேருந்து எறக்கின தண்ணி எதையாவது குடிச்சுதா?"

குணசேகருக்கு வண்டிக்கு அடியில் விட்டுவந்த பேசின் நினைவுக்கு வந்தது.

"அது தித்திப்பா இருக்கும் சார். நாய்ங்க ஆசையாக் குடிச்சிடும். நடுவுல தேறின மாதிரி தெரியும். ஆனா கிட்னி ரெண்டும் போயிடும்." அவள் கையுறையைக் கழற்றினாள். "அன்னிக்கே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

டாலி டோரீனின் மடியிலேயே போய்விட்டது. வீட்டுச் சொந்தக்காரர் புதைப்பதற்குத் தன் காலி மனையில் ஓர் ஓரம் காட்டினார். சுரங்கத்தில் பாறை வெட்டிய கையால் குணசேகர் குழி தோண்டினார்.

அடுத்த ஞாயிறு போன் மணி அடிக்கும் முன்பே டோரீன் சொல்லிவிட்டாள்: "வயசாயி செத்துடுச்சின்னு சொல்லிடலாம்ங்க."

"ஏர்போர்ட்ல அவ மூஞ்சியப் பாக்கணும்ல? நடந்தத சொல்லிடறேன்."

சொன்னார். தண்ணீரைத் திறந்துவைத்ததையும் டாலி அதைக் குடித்ததையும்.

"தொறந்து வெச்சிட்டு எங்க போன டாடி?"

போன் வந்ததென்று மாடிக்கு ஓடிவந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், இனி ஆயுசுக்கும் அவள் கையில் போனை எடுக்கும்போதெல்லாம் தன்னால்தான் என்று—

"கடைக்குப் போயிருந்தம்மா."

"ஞாயித்துக்கிழம டாலி என்கிட்ட பேசினாளே! அப்ப நல்லாத்தான இருந்தா?"

"அப்ப நல்லா இருந்தா. இது திங்கக்கிழம."

டோரீன் பதறி அவர் கையைப் பிடித்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ஒரு மூடி போட்டு வெக்க முடியலையா டாடி, உன்னால? ஒரே ஒரு மூடி..." ஜெனிஃபர் அழுதுகொண்டே போனை வைத்தாள். அதன்பின் வந்த வாரங்களில் அம்மாவிடம் மட்டும் பேசினாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வந்திறங்கினாள். கார் நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின் சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் தொம்லூர் சிக்னலில் குணசேகர் கண்ணாடியில் பார்த்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். டோரீன் அவள் முதுகைத் தடவியபடி, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்பதுபோலக் கண்ணாடி வழியே அவரையே பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கியரைப் போட்டு, வண்டியை மெதுவாக நகர்த்தினார்.