பார்போராவின் மரணப் பாட்டு

பிராகில் தவக்காலம். நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடந்ததால் வாத்தியக்காரர்களான எங்களுக்குக் கச்சேரிகள்தான் கதி. பாடகி பார்போரா தன் கச்சேரிக்கென்று இசையமைப்பாளர் வாவ்ராவிடம் ஒரு புதுப் பாட்டு எழுதி வாங்கியிருந்தாள். காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போக, ஒரு ராணி அவனைச் சபித்து, அழுது, கடைசியில் சாகத் துணிகிறாள். அவள் பாடும் ஒவ்வொரு வரிக்கும் காதலன் கெஞ்சுவதுபோல ஓபோ குழல் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழலை வாசிப்பவர் அவள் கணவர் கிலியான்.

ஒத்திகை தொடங்குவதற்கு முன்தினம் பீர்க்கடையில் கிலியான் வாயை விட்டுவிட்டார். "அவ உச்ச சுரத்துல நிக்கிறான்னா அடியில என் குழல் தாங்குதுன்னு அர்த்தம். நான் நிறுத்தினா பொத்துனு விழுந்துடுவா!"

அது உடனே அவள் காதுக்குப் போய்விட்டது. ஒத்திகையில் அவர் இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. கொம்பு ஊதும் நான்தான் அகப்பட்டேன்.

"மாரேக், சுருதி ஏறிக் கெடக்குன்னு அந்தக் குழல்காரர்கிட்ட சொல்லுங்க."

"மாரேக், சுருதி சரியாத்தான் இருக்கு, கோபம்தான் ஏறிக் கெடக்குன்னு அந்த அம்மாகிட்ட சொல்லு."

வாவ்ராவுக்கு வாயெல்லாம் பல். அவள் குரலில் அப்படி ஓர் அனல்! "சமாதானம் கிமாதானம் பண்ணி வச்சுடாதீங்கய்யா. கச்சேரி முடியட்டும்" என்று என் காதைக் கடித்தார்.

கச்சேரியன்று பார்போரா சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "துரோகியே, போ!" என்று நேராகக் கிலியானைப் பார்த்துப் பாடினாள். அவர் குழல் கெஞ்சவில்லை, எதிர்த்துப் பேசியது. அவள் ஒரு பிருகா போட்டால் இவர் இரண்டு போட்டார். முன்வரிசைப் பிரபு மூக்குப்பொடி போடவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

உச்ச சுரம் வந்தது. கிலியான் வேண்டுமென்றே குழலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் விழவில்லை. நின்றாள். முகம் சிவக்கச் சிவக்க நின்றாள். கிலியான் வாய் பிளந்தார். அடுத்து அவர் வாசிக்க வேண்டிய இடம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. வாவ்ரா பதறிப்போய் எனக்குச் சைகை காட்டினார். அந்தக் கெஞ்சலை நான் கொம்பில் ஊதினேன். காதலன் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஆள் கூப்பிடுவதுபோல இருந்தது. ஆனால் யார் அதைக் கேட்டார்கள்? பாட்டு முடிந்ததும் முதலில் எழுந்து கைதட்டியவர் கிலியான்தான்.

"நெஜமாவே விழல!" என்றார், கண் கலங்க.

"இப்பவாவது தெரிஞ்சுதா?" என்றாள் அவள். என்னைத் தூது விடாமல் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அன்றுதான்.

சபை இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டது. அங்கேதான் வந்தது வினை. "துரோகியே, போ" என்பதை அவள் இந்தத் தடவை தாலாட்டுப்போல் பாடினாள். ஓபோ குழைந்தது. சாகும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சாகப்போறவ சிரிக்கிறாளே!" வாவ்ரா பியானோ வாசித்தபடியே கிலியான் பக்கம் சாய்ந்தார். "ஐயா, பீர்க்கடையில சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்களேன்!"

"சொல்றேனே. தப்பாச் சொல்லிட்டேன், நான்தான் அவமேல சாஞ்சு நிக்கிறேன்" என்றார் கிலியான்.

பிரபு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார்.